கன்சோல் போயிடுச்சா? முதலில் டிவி சொல்வதைப் படியுங்கள்

"அம்மா, கன்சோல் செத்துப்போச்சும்மா." டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் கன்சோலைப் பற்றி மகன் இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வயது. பரீட்சை முடிந்ததும் விளையாடலாம் என்று ஒரு மாதமாகத் தொடாமல் இருந்து, இரண்டு வாரத்துக்கு முன்புதான் மறுபடி தொட ஆரம்பித்திருந்தான். போய்ப் பார்த்தேன். கன்சோலில் விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்கிறது, புது டிவியில் மட்டும் படம் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். வேறு போர்ட்டில் செருகினேன். ரிமோட்டில் இருக்கிற பட்டன்களை எல்லாம் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தம்பிக்கு போன் போட்டேன். சின்ன வயதிலிருந்தே இந்தச் சாதனங்களோடு வளர்ந்தவன் அவன்.

"கன்சோல்ல படம் வரலைடா."

"சரிக்கா. டிவியில என்ன எழுதியிருக்கு? அப்படியே படிச்சுச் சொல்லு."

எழுதியிருக்கிறதா? திரும்பிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பெட்டி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. 'நோ சிக்னல்.' அரை மணி நேரமாக அது என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. படம் இல்லை என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் அது கண்ணில் படவே இல்லை.

அன்று இரவும் அடுத்த நாளும் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை விவரமாக எழுதுகிறேன். எந்தக் கன்சோல், எந்த டிவி என்றாலும் இவை பொருந்தும். பழுது பார்க்கக் கொடுக்கும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவை இவ்வளவு இருக்கின்றன என்று எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில், திரை சொல்லும் சேதி. 'நோ சிக்னல்' என்றால், அந்த போர்ட்டில் டிவியால் பிடிக்க முடிகிற மாதிரி எதுவும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். இன்புட் மாறியிருக்கலாம், கேபிள் முழுதாக இறங்காமல் இருக்கலாம், அல்லது சிக்னல் வழியிலேயே சிதைந்து போயிருக்கலாம். 'இந்த ஃபார்மட்டை ஆதரிக்கவில்லை' என்று வந்தால் அது வேறு கதை. சிக்னல் வந்துவிட்டது, டிவிக்குப் புரிகிறது, அந்த அளவில் காட்டத்தான் முடியவில்லை. அப்படி வந்தால் உண்மையில் நிம்மதி அடையலாம்: கேபிளும் இரண்டு பக்கத்துப் போர்ட்டுகளும் உயிரோடு இருக்கின்றன, ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையை, குறைத்தால் போதும். மூன்றாவது வகை, எந்த எழுத்தும் இல்லாத வெறும் கறுப்பு. அதில் கேமின் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால், கன்சோல் ஓடிக்கொண்டிருக்கிறது, இணைப்பும் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வெறும் கறுப்பாக இருந்தால் ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு தெரிந்தால் டிவியின் திரை நன்றாக இருக்கிறது. மெனுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால், அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்சிடி டிவியில் வெளிச்சத்துக்கு அடியில் மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால், பின்னால் இருக்கும் விளக்கு போய்விட்டது. அது டிவியின் கோளாறு, கன்சோலைத் தொடவே வேண்டாம்.

எங்களுடையது 'நோ சிக்னல்.' தம்பி அடுத்து ஒன்று சொன்னான். "அக்கா, இதுல மூணே மூணு ஆளுதான். அனுப்புறது, கொண்டு வர்றது, வாங்குறது. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து." நான் ஏற்கெனவே கேபிளையும் போர்ட்டையும் சேர்த்தே மாற்றி மாற்றிச் செருகியிருந்தேன். படம் வந்திருந்தால்கூட எதனால் வந்தது என்று தெரிந்திருக்காது.

வேறு ஏதாவது சாதனத்தை மாட்டிப் பார் என்றதும் மகன் பரணில் இருந்த தம்பியின் பழைய கன்சோலை எடுத்து வந்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பிளக் உள்ள ஒயர். டிவியின் பின்னால் மஞ்சள் துளை இல்லை. பச்சை நிறத் துளையைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று இருந்தது. அதில் செருகினோம். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். "பழசு இல்லையாம்மா, அதான்" என்றான் மகன். பழசு என்பதால் அல்ல. அந்த ஒரே துளை இரண்டு வேலை பார்க்கிறது. படத்தை மூன்று ஒயர்களாகப் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் முறையில் பச்சை ஒயர் கொண்டு வருவது படத்தின் வெளிச்ச அளவை மட்டும்தான். மஞ்சள் ஒயரிலோ வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வரும். டிவி காம்பொனென்ட் இன்புட்டில் நின்றால் அந்தக் கலவையிலிருந்து வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது, நிறம் போய்விடுகிறது. இன்புட் பட்டியலில் 'ஏவி' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் நிறம் வந்துவிட்டது. பழைய கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும் என்றுதான் சொல்கிறேன். எங்கள் சிக்கலுக்கு இது திரை நன்றாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டியது. படமும் ஒலியும் ஒரே கேபிளில் வரும், கன்சோல் மாட்டியிருந்த எச்டிஎம்ஐ போர்ட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் என் லேப்டாப்பை எடுத்து, கன்சோலில் இருந்த அதே கேபிளை உருவி மாட்டினேன். அதே போர்ட். படம் பளிச்சென்று வந்தது.

இங்கேதான் நாங்கள் தவறான முடிவுக்கு வந்தோம். போர்ட் சரி, கேபிள் சரி, ஆக கன்சோல்தான் போய்விட்டது. மகன் கண் கலங்கிவிட்டான். மறுநாள் பழுது பார்க்கக் கொடுப்பது என்று கன்சோலைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்துவிட்டேன். தூங்கப் போகும் முன் தம்பிக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். காலையில் அவன் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது: "லேப்டாப் எவ்வளவு அனுப்புது, கன்சோல் எவ்வளவு அனுப்புது?"

லேப்டாப் அனுப்பியது 1080பி, அதாவது மேலிருந்து கீழாக 1080 வரிகள் உள்ள படம். அதை 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, அனுப்ப, கேபிள் நொடிக்கு சுமார் 4.5 கிகாபிட் தூக்கினால் போதும். கன்சோல் அனுப்புவதோ 4கே, அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள படம். அதை 60 ஹெர்ட்ஸில் முழு நிற விவரத்தோடு அனுப்பினால் அதே கேபிள் நொடிக்கு 17.8 கிகாபிட்டுக்கு மேல் தூக்க வேண்டும். கணக்கு சரியாக நான்கு மடங்கு. ஒரு குடம் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டு வருகிறவரை நான்கு குடம் தூக்கச் சொல்லி, தடுமாறினால் "நேற்று நன்றாகத்தானே கொண்டு வந்தாய்" என்று கேட்பது நியாயமில்லையே. அந்தக் கேபிள் எங்கள் பழைய 1080பி டிவியில் பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது. அதனாலேயே அதன் மேல் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் தம்பி கேட்டான்: "புது டிவியில ஏதாவது செட்டிங் மாத்தினீங்களா?" மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். டிவி வந்த முதல் வாரம் படம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் எச்டிஆர் (வெளிச்சத்திலும் இருட்டிலும் கூடுதல் விவரம் காட்டும் வசதி) கிடைக்கவில்லை என்று கன்சோல் காட்டியிருக்கிறது. எங்கோ பார்த்துத் தெரிந்துகொண்டு, டிவியில் அந்த போர்ட்டுக்கான ஒரு செட்டிங்கை ஆன் செய்திருக்கிறான். எச்டிஆர் வந்துவிட்டது. அன்றிலிருந்து கேம் நடுவே அவ்வப்போது இரண்டு விநாடி திரை இருண்டு திரும்பியிருக்கிறது. இருட்டான காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னி மறைந்திருக்கின்றன. என்னிடம் சொன்னால் விளையாட விடமாட்டேன் என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறான்.

அவன் செய்தது தவறே இல்லை. பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் முழு வேகத்தில் திறக்கப்படாமல்தான் வரும். அந்தத் திறப்பு ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்' என்பதற்குள் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'. இது அணைந்திருந்தால் டிவி கன்சோலிடம் தன் திறமையைக் குறைத்தே சொல்லும். கன்சோலும் நிற விவரத்தைக் குறைத்து, லேசான சிக்னலை அனுப்பும். எங்கள் கேபிளால் அதைச் சமாளிக்க முடிந்தது. செட்டிங்கை ஆன் செய்ததும் பாரம் ஏறியது, கேபிள் திணறியது. வெள்ளைப் புள்ளிகளும் இரண்டு விநாடி இருட்டும் அந்தத் திணறல்தான். கடைசியில், வீட்டைச் சுத்தம் செய்தபோது நான் டிவியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தேன். பின்னால் எட்டிப் பார்த்தால், கேபிள் பிளக்கின் கழுத்திலேயே மடங்கி, சுவருக்கும் டிவிக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. அதோடு 'நோ சிக்னல்'.

டிஜிட்டல் சிக்னல் கெடும் விதம் பழைய ஆண்டெனா படம் கெடுவது போல இருக்காது. மங்காது, நிழல் விழாது. கடைசி வரை பளிச்சென்றே இருக்கும். எல்லையை நெருங்கும்போது புள்ளிகள், பிறகு விட்டு விட்டு இருட்டு, பிறகு ஒன்றுமே இல்லை. ஆகவே திரையில் புள்ளிகள் மின்ன ஆரம்பித்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

சரி, காரணம் புரிந்தது. ஆனால் கன்சோல் இன்னும் 4கேயிலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறது, திரை கறுப்பு. படம் தெரியாமல் எப்படி உள்ளே போய் செட்டிங்கை மாற்றுவது? இதற்கு ஒவ்வொரு கன்சோலிலும் ஒரு பின்வாசல் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும், ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தியதும் ஒரு பீப், சுமார் 7 விநாடி கழித்து இன்னொரு பீப். இரண்டாவது கேட்டதும் விட்டுவிட வேண்டும். சேஃப் மோடு திறக்கும். அங்கே ஒயர்லெஸ் கன்ட்ரோலர் வேலை செய்யாது, யுஎஸ்பி கேபிளால் இணைக்க வேண்டும். ரெசல்யூஷன் மாற்றும் வரியைத் தேர்ந்தெடுத்தால் 480பியில் தொடங்கும். டிஸ்க் போடும் எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸில், அணைத்த பிறகு பவர் பட்டனையும் எஜெக்ட் பட்டனையும் சேர்த்து இரண்டாவது பீப் வரை பிடித்தால் 640க்கு 480 என்ற குறைந்த அளவில் எழுந்திருக்கும். நின்டெண்டோ சுவிட்சில் இந்தக் கஷ்டமே இல்லை. டாக்கிலிருந்து கையில் எடுத்தாலே அதன் சொந்தத் திரை இருக்கிறது, அதிலேயே டிவி ரெசல்யூஷனை மாற்றிவிடலாம். டாக்கே சிக்கல் என்று தோன்றினால், அடாப்டரை இரு முனையிலும் கழற்றி அரை நிமிடம் விட்டு, முதலில் அடாப்டர், பிறகு எச்டிஎம்ஐ என்ற வரிசையில் மாட்டுங்கள்.

எங்கள் கன்சோலும் இரண்டு பீப் வகைதான். மகன் பட்டனைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றான். இரண்டாவது பீப் கேட்டது. திரையில் எழுத்துகள் வந்தன. பெரிதாக, கொரகொரவென்று, ஓரமெல்லாம் பிசிறோடு. அவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததே இல்லை.

அங்கிருந்து படிப்படியாக ஏற்றினோம். 720பி, 1080பி இரண்டும் நன்றாக இருந்தன. 4கேக்குப் போனதும் புள்ளிகள் மின்னி, திரை இருண்டது. எதையும் தொடாமல் சில விநாடி காத்திருந்தோம், கன்சோல் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இப்போது கேபிள் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கன்சோலோடு பெட்டியில் வந்த சின்னக் கேபிள் அலமாரிக்கு எட்டவில்லை என்று ஓரமாகப் போட்டு வைத்திருந்தோம். கன்சோலைத் தூக்கி டிவிக்குக் கீழே தரையில் வைத்து அதை மாட்டினோம். 4கே வந்தது. எச்டிஆர் வந்தது. ஒரு மணி நேரம் விளையாட விட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், திரை ஒருமுறைகூட இமைக்கவில்லை.

கேபிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மேலே 2.0, 2.1 என்று போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அந்த எண்கள் சாதனங்களுக்கானவை. கேபிளில் பார்க்க வேண்டியது அதன் வகைப் பெயர். 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்றால் நொடிக்கு 18 கிகாபிட் வரை, 4கே 60 ஹெர்ட்ஸுக்குப் போதும். 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்றால் 48 கிகாபிட், 4கே 120 ஹெர்ட்ஸுக்கு அதுதான். சான்று பெற்ற கேபிளின் பெட்டியில் போனால் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் இருக்கும். நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தூரம் அதிகமாக வேண்டுமென்றால் ஆப்டிகல் வகை உண்டு. ஆனால் அதற்குத் திசை இருக்கிறது: ஒரு முனை அனுப்பும் பக்கம், மறு முனை டிவி பக்கம். மாற்றி மாட்டினால் படம் வராது, புதுக் கேபிளே பழுது என்று நினைத்துவிடுவோம்.

கன்சோலும் டிவியும் இணைந்ததும் தங்களுக்குள் நடத்தும் பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது என்று தம்பி சொன்னதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் 'கழற்றி மாட்டு' என்று எல்லோரும் சொல்வதன் காரணம் அதில்தான் இருக்கிறது. எச்டிஎம்ஐ பிளக்கில் 19 தொடுமுனைகள் உண்டு. படம் போவது அவற்றில் சிலவற்றில்தான். ஒன்றில் கன்சோல் 5 வோல்ட் கொடுக்கிறது. இன்னொன்றின் வழியாக டிவி 'நான் இருக்கிறேன்' என்று பதில் காட்டுகிறது. உடனே கன்சோல் டிவியிடம் இருக்கும் ஒரு சின்னப் பட்டியலைப் படிக்கிறது: எந்த ரெசல்யூஷன் காட்டுவாய், எத்தனை ஹெர்ட்ஸ், எந்த ஒலி வகை. ஈடிஐடி என்பது அதுதான். பிறகு நகல் தடுப்புக்கான எச்டிசிபி சோதனை. இதில் எந்த இடத்திலாவது இருவரும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால், வெறுமனே ரிமோட்டில் அணைத்துப் போடுவது போதாது. ஸ்டாண்ட்பையில் இரண்டுமே பாதி விழித்துத்தான் இருக்கின்றன. இரண்டின் மின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவி, ஒரு நிமிடம் விட்டு, முதலில் டிவியைப் போட்டு அதன் இன்புட்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு கன்சோலைப் போடுங்கள். பேச்சு முதலிலிருந்து தொடங்கும்.

நடுவில் சவுண்ட்பாரோ ரிசீவரோ இருந்தால் அதையும் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். கன்சோல் அப்போது படிப்பது அந்த நடு ஆளின் வழியாக வரும் பட்டியலை. அவருக்கு 4கே 120 தெரியாது என்றால், டிவிக்குத் தெரிந்தும் பயனில்லை.

படம் வந்த பிறகும் சில சின்னக் குறைகள் இருக்கலாம். ஓரத்தில் இருக்கும் ஸ்கோர் வெட்டுப்பட்டால் அது டிவியின் ஓவர்ஸ்கேன் (படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவது), பட அளவு மெனுவில் திரைக்குப் பொருந்தும் அளவைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்தோ, இருட்டில் எதுவுமே தெரியாமலோ இருந்தால் கன்சோலிலும் டிவியிலும் ஆர்ஜிபி ரேஞ்ச் (கறுப்பு எங்கே தொடங்கி வெள்ளை எங்கே முடிகிறது என்ற அளவு) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டையும் 'ஆட்டோ'வில் விட்டாலே பெரும்பாலும் சரியாகும். 120 ஹெர்ட்ஸ் கிடைக்கவில்லை என்றால் டிவியின் எல்லா போர்ட்டும் அதைத் தராது என்பதை நினைவில் வையுங்கள். பல டிவிகளில் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

கேபிளையும் டிவியையும் மாற்றி, குறைந்த ரெசல்யூஷனிலும் முயன்று, எதற்குமே படம் வரவில்லை என்றால்தான் கன்சோலின் போர்ட்டைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நடுவில் ஒரு மெல்லிய நாக்கு, அதன் மேலும் கீழும் வரிசையாகத் தங்க நிறக் கோடுகள். ஒரு கோடு வளைந்தோ, பக்கத்துக் கோட்டைத் தொட்டோ இருந்தால், இன்னொரு முறை கேபிளைச் செருகவே கூடாது. ஊசியால் நிமிர்த்தவும் முயல வேண்டாம். அதற்குப் பழுது பார்ப்பவர்தான் வேண்டும். எங்கே வளைந்திருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

கன்சோல் இப்போது டிவிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மேசையில் இருக்கிறது. டிவியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்திருக்கிறோம், கேபிள் நேராக வெளியே வந்து மெதுவாக வளைகிறது. நீளக் கேபிளை லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டேன், அது அங்கே நன்றாகவே உழைக்கிறது. டிவியின் பின்பக்கம் மகன் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறான்: எந்த போர்ட்டில் என்ன மாட்டியிருக்கிறது, எந்த செட்டிங்கை எந்தத் தேதியில் மாற்றினான் என்று பென்சிலில். போன வாரம் அதில் புதிதாக ஒரு வரி பார்த்தேன். 'போர்ட் 3, 120 ஹெர்ட்ஸ் ஆன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.'